கரையோரம் தென்படும் பெரிய கடல்விலங்குகள்: தகவல் படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும்?

கரைநண்டு (கேள்வி)

கரையோரக் கடலில் வழக்கமாக வராத பெரிய விலங்குகள் தென்பட்டால் பொதுமக்கள் தகவல் அனுப்புவதற்கு ஒரு படிவம் தயாராகிறது. இதுவரை வந்த தகவல்களில் பெரும்பாலானவை ‘பெரிய திமிங்கிலம், கறுப்பு நிறம், கரைக்கு ரொம்பப் பக்கத்தில்’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. கூடவே சில வினாடி ஓடும் வீடியோ. அதில் தண்ணீரும் வானமும்தான் அதிகம். இதை வைத்து இனமும் சொல்ல முடியவில்லை, நீளமும் சொல்ல முடியவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. கடல்விலங்குகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் எந்தக் கேள்விகளைக் கேட்டால் இனத்தை நெருங்கலாம்? தூரம், நீளம் என்று அவர்கள் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? அரிய இனம் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு ஆதாரம் இருந்தால் ஏற்கலாம்?

முதுகுத்துடுப்பு (பதில்)

‘என்ன விலங்கு?’ என்ற கேள்வியைப் படிவத்தின் தலையில் வைக்காதீர்கள், கடைசிக்குத் தள்ளுங்கள். பெயரை எழுதியதும் மனம் அந்தப் பெயருக்கேற்ற உருவத்தை நிரப்பிக்கொள்ளும். ‘திமிங்கிலம்’ என்று முதலில் எழுதியவர், பார்க்காத நீர்ப்பீய்ச்சலையும் பார்த்ததாகவே நம்பி அடுத்த வரியில் எழுதிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

முதல் கேள்வி இது: அந்த விலங்கு மேலே வந்து, மறைந்து, மறுபடி வந்ததா? அல்லது மேற்பரப்பிலேயே நகர்ந்துகொண்டிருந்ததா? திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு), சீல், ஆமை எல்லாம் நுரையீரலால் மூச்சு விடுபவை, மேலே வந்தே ஆக வேண்டும். சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. பத்து நிமிடம் துடுப்பு தண்ணீருக்கு மேலே தெரிந்தபடியே இருந்தது என்றால் சுறா, சூரிய மீன் பக்கம் முதலில் யோசியுங்கள்.

அடுத்தது வால். சுறாவின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமும் அசையும். திமிங்கிலத்தின் வால் கிடையாக இருந்து மேலும் கீழும் அசையும். வால் தெரியவில்லை என்றால், தண்ணீருக்கு மேலே ஒரே நேரத்தில் எத்தனை முனைகள் தெரிந்தன என்று கேளுங்கள். திமிங்கிலச் சுறாவில் முதுகுத் துடுப்பும் வாலின் மேல்மடலும் ஒரே கோட்டில் இரண்டு முனைகளாகத் தெரியும். பாஸ்கிங் சுறாவில் பெரும்பாலும் மூக்கு நுனியும் சேர்ந்து மூன்று. மண்டா திருக்கையின் இரண்டு இறக்கை நுனிகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அமிழும். ‘இரண்டு சுறாக்கள் சேர்ந்து போயின’ என்று வரும் தகவல்களில் ஒரு பகுதி இதுதான். சூரிய மீனின் துடுப்பு ஒரே சீராக வெட்டிக்கொண்டு போகாது. தளர்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாயும், சில நேரம் மீன் பக்கவாட்டில் படுத்தே கிடக்கும்.

நுரையீரல் விலங்குதான் என்று தெரிந்தால் முதுகுத் துடுப்புக்குப் போங்கள். துடுப்பே இல்லை என்றால் ஆவுளியா, பெலுகா, சாம்பல் திமிங்கிலம், ரைட் திமிங்கிலம் போன்ற சிலவே மிஞ்சும். ஆவுளியா மூக்குத்துளையை மட்டும் ஓரிரு வினாடி நீட்டி மூச்சு வாங்கிவிட்டு இறங்கிவிடும், பீய்ச்சல் இருக்காது. வால் ஓங்கிலின் வாலைப் போலப் பிளந்திருக்கும். துடுப்பு இருந்தால் அது உடலில் எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். பைலட் திமிங்கிலத்துக்கு அடி அகன்ற, பின்னோக்கி வளைந்த துடுப்பு உடலின் நடுவுக்கும் முன்னால் இருக்கும். நீலத் திமிங்கிலத்துக்குச் சிறிய துடுப்பு, வாலுக்கு அருகில்; மூச்சு விட்டு நெடுநேரம் முதுகு உருண்டு போன பிறகே அது தெரியும். ஆகவே படிவத்தில் ‘மூச்சும் துடுப்பும் ஒன்றாகத் தெரிந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா?’ என்று ஒரு வரி சேருங்கள். ஆண் ஓர்கா என்றால் துடுப்பே 1.8 மீட்டர் வரை உயரும், அதைப் பார்த்தவர் வேறு எதையும் முதலில் சொல்லமாட்டார்.

பீய்ச்சலின் உருவத்தையும் கேளுங்கள், ஆனால் காற்றின் திசையோடு சேர்த்து. ரைட் திமிங்கிலத்தின் பீய்ச்சல் முன்னிருந்தோ பின்னிருந்தோ பார்த்தால் இரண்டாகப் பிரிந்து தெரியும். கூன்முதுகுத் திமிங்கிலத்துக்குப் புதர் போல் பரந்து சுமார் 3 மீட்டர். நீலத் திமிங்கிலத்துக்கு ஒரே தூணாக 9 மீட்டரைத் தொடும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்பக்கம் இருப்பதால் பீய்ச்சல் முன்னோக்கி இடப்புறம் சாயும். காற்று அடித்தால் எல்லாப் பீய்ச்சலும்தான் சாயும். அதனால் ஒரே ஒரு பீய்ச்சலை வைத்து ஸ்பெர்ம் என்று எழுதிவிடாதீர்கள். விலங்கு திரும்பி வேறு திசையில் போகும்போதும் அதே பக்கம் சாய்ந்ததா என்று பார்க்க வேண்டும். வெப்பமான கடலில் பீய்ச்சல் மங்கலாகத்தான் தெரியும், ‘பீய்ச்சல் தெரியவில்லை’ என்பதால் திமிங்கிலத்தை விலக்கிவிடவும் கூடாது.

நேரமும் உதவும். ஸ்பெர்ம் திமிங்கிலம் ஏறக்குறைய பத்து நிமிடம் மேலேயே கிடந்து சீராக மூச்சு விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் 40 நிமிடம், ஒரு மணி நேரம் கூட வராது. பிரைட்ஸ் திமிங்கிலம் வாலைத் தூக்குவது அரிது, திரும்ப வரும் இடமும் நேரமும் ஒழுங்கில்லாமல் இருக்கும். எந்த நேரத்தில் மேலே வந்தது, எந்த நேரத்தில் மறைந்தது என்று குறித்த நான்கைந்து வரிகள் மங்கலான படத்தைவிட அதிகம் சொல்லும்.

நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். சூரியன் எதிரே இருந்தால் எந்த விலங்கும் கறுப்பாகத்தான் தெரியும். எழுத்தால் விவரிக்கத் தயங்குபவர்களுக்கு வெற்றுக் கட்டம் ஒன்று கொடுத்து ‘பார்த்ததை வரையுங்கள்’ என்று சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் துடுப்பை எங்கே வைத்து வரைகிறார்கள் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தொடுவானம் (பதில்)

தூரத்தையும் நீளத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன், முந்தைய பதிவு இனத்தை நன்றாகச் சொல்லிவிட்டது.

கடற்கரை மணலில் நிற்பவரின் கண் தண்ணீரிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4.7 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 20 மீட்டர் உயரப் பாறையில் நின்றால் 16 கிலோமீட்டர். கணக்கு எளிது: கண் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். மணலில் நின்றுகொண்டு ‘பத்துக் கிலோமீட்டர் தள்ளி முதுகு தெரிந்தது’ என்று ஒருவர் எழுதினால் அந்தத் தூரம் தவறு என்று உடனே தெரிந்துவிடும். அதனால் ‘நீங்கள் நின்ற இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?’ என்பது படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

உயரமான இடத்தில் நிற்பவருக்கு ஒரு ரூலர் போதும். கையை முழுக்க நீட்டி, ரூலரைச் செங்குத்தாகப் பிடித்து, தொடுவானத்துக்கும் விலங்குக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். கண் உயரத்தைக் கை நீளத்தால் பெருக்கி அந்த இடைவெளியால் வகுத்தால் தூரம். கண் உயரம் 20 மீட்டர், கண்ணிலிருந்து ரூலர் 60 செ.மீ., இடைவெளி 2 செ.மீ. என்றால் 20 × 60 ÷ 2 = 600 மீட்டர். பூமியின் வளைவை இது கணக்கில் எடுக்காததால் ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து முதல் பதினைந்து விழுக்காடு கூட்டிச் சொல்லும். ‘ரொம்பப் பக்கத்தில்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டால் அது பெரிய பிழையே இல்லை. மணலில் நிற்பவருக்கு இந்த முறை உதவாது, இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் வந்துவிடும். அவர்கள் மிதவையோ நங்கூரமிட்ட படகோ அருகில் இருந்ததா என்று எழுதட்டும், பிறகு வரைபடத்தில் அளந்துகொள்ளலாம்.

நீளத்துக்கும் அதே ரூலரைக் கிடையாகப் பிடிக்கலாம். 600 மீட்டரில் 1 செ.மீ. என்பது 10 மீட்டர். ஆனால் வெளியே தெரியும் முதுகு முழு உடல் அல்ல. ‘தெரிந்த பகுதியின் நீளம்’, ‘முழு நீளம் என்று நினைப்பது’ என இரண்டு கட்டங்கள் வையுங்கள், முதலாவதை மட்டும் தரவாக எடுங்கள்.

வீடியோ எடுப்பவருக்குச் சொல்ல வேண்டியவற்றில் தலையாயது, தொடுவானம் படச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. தொடுவானம் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கைப் பிக்சலை வைத்தும் போடலாம். விலங்கு முழுத் திரையையும் நிரப்பும்படி டிஜிட்டல் ஜூம் செய்தால் புள்ளிகள் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. லென்ஸின் உண்மையான ஜூம் எதுவரையோ அதுவரை போதும். கைபேசியைக் கிடையாகப் பிடித்து எதன்மீதாவது ஊன்றிக்கொள்ளட்டும். விலங்கு மறைந்ததும் நிறுத்திவிடாமல் அதே இடத்தைத் தொடர்ந்து படம்பிடித்தால் அடுத்த மூச்சுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதும் பதிவாகிவிடும். ஓரிரு வினாடியாவது கரையில் ஏதாவது ஓர் அடையாளத்தைச் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

கோப்பை அனுப்பும் விதத்திலும் நிறையத் தரவு போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள்.

இடக்குறிப்பில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். கைபேசியின் ஜி.பி.எஸ். காட்டுவது பார்த்தவர் நின்ற இடம். அதையே விலங்கின் இடமாகப் போட்டால் வரைபடத்தில் திமிங்கிலம் சாலைமேல் இருக்கும். நின்ற இடம், திசைகாட்டி காட்டிய பாகை, தூரம் மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். இரண்டாவது, பாகை-கலையையும் (டிகிரி-நிமிடம்) தசமத்தையும் குழப்புவது. 9 பாகை 30 கலை என்பது தசமத்தில் 9.5. அதை 9.30 என்று எழுதிவிட்டால் இடம் 22 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். படிவத்தில் தசமப் பாகையை மட்டும் அனுமதியுங்கள். நான்கு தசம இடம் இருந்தால் 11 மீட்டர் துல்லியம், அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொன்றையும் சேருங்கள்: எவ்வளவு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அலை எப்படி இருந்தது. அங்கங்கே வெண்நுரை தெரியத் தொடங்கினாலே, அதாவது காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 3 வந்தாலே, ஆவுளியா போன்றவை கண்ணுக்குத் தப்பிவிடும். பார்த்த நேரம் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ‘இந்த ஆண்டு அதிகம் வருகின்றன’ என்று சொன்னால், கூடியது விலங்குகளா கைபேசிகளா என்று பிரிக்கவே முடியாது.

ஆழிவலம் (பதில்)

அரிய இனம் என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘இங்கே அது வராது’ என்று மறுப்பதும் தவறு, ஆர்வத்தில் ஏற்பதும் தவறு. சாம்பல் திமிங்கிலம் அட்லாண்டிக்கில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. இன்று பசிபிக்கில் மட்டுமே வாழ்கிறது. ஆனாலும் 2010 மே மாதம் இஸ்ரேல் கரையில் ஒன்று தென்பட்டது, சில வாரம் கழித்து அதே விலங்கு ஸ்பெயின் பக்கம் தெரிந்தது. 2013-இல் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் ஒன்று. தென்கோளத்தில் அதுவே முதல் பதிவு. 2024 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே வான்வழிக் கணக்கெடுப்பில் ஒன்று சிக்கியது. ஆர்க்டிக்கில் கோடைப் பனி குறைந்து, பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் கனடாவுக்கு வடக்கே இணைக்கும் வடமேற்குப் பாதை திறந்ததை இவற்றுக்குக் காரணமாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். இவை ஏற்கப்பட்டது பார்த்தவர்களின் தகுதியால் அல்ல, படங்களால். முதுகுத் துடுப்பு இல்லாததும், அதற்குப் பதிலாக வால்பக்கம் வரிசையாக இருக்கும் முண்டுகளும், உடலின் வெளிறிய திட்டுகளும் படத்தில் தெளிவாக இருந்தன.

இதிலிருந்து ஒரு நடைமுறை: அரிய இனம் என்று முடிவு செய்ய, அந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் அடையாளங்களில் குறைந்தது இரண்டு, ஒன்றையொன்று சாராமல், படத்தில் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கீழ்த்தாடை நல்ல உதாரணம். வலது கீழ்த்தாடை மட்டும் வெள்ளையாக இருப்பது ஃபின் திமிங்கிலத்தின் அடையாளம் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் 2003-இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட ஒமுரா திமிங்கிலத்துக்கும் அதே வெள்ளைத் தாடை உண்டு. அது வெப்பமண்டலக் கரையோரக் கடலில் வாழ்வது, 12 மீட்டரைத் தாண்டாது. வெப்பக் கடலில் ஆழம் குறைந்த இடத்தில் வெள்ளைத் தாடையைப் பார்த்து ‘ஃபின்’ என்று எழுதினால் பெரும்பாலும் தவறாகிவிடும். தலையின் மேற்புறப் படம் கிடைத்தால் தகராறு குறையும்: பிரைட்ஸ் திமிங்கிலத்துக்கு மூன்று மேடுகள் தெளிவாக இருக்கும், ஒமுராவுக்கு நடுமேடு ஒன்றுதான் எடுப்பாகத் தெரியும்.

‘குட்டித் திமிங்கிலம்’ என்று வரும் தகவலையும் நிதானித்துப் பாருங்கள். குள்ள ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் இரண்டு வகை. முழு வளர்ச்சியிலும் ஒன்று 2.7 மீட்டர், மற்றது 3.5 மீட்டருக்குள்தான். கண்ணுக்குப் பின்னால் செவுள் பிளவு போன்ற ஒரு வெளிர் கோடு இருப்பதாலும், வாய் அடியில் இருப்பதாலும் கரையில் கிடக்கும்போது சுறா என்றே பலர் எழுதுவார்கள். மிரண்டால் செம்பழுப்பு நிறத் திரவத்தை வெளியே விடும். ‘இரத்தம் கொட்டுகிறது’ என்று வரும் அவசரத் தகவல் சில நேரம் அதுவாக இருக்கும்.

‘கடல்நாகம்’, ‘இனந்தெரியாத பூதம்’ என்ற தலைப்பில் வருபவை பெரும்பாலும் அழுகிய உடல்கள். பாஸ்கிங் சுறா அழுகும்போது தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழும். எஞ்சுவது சிறிய மண்டையும் நீண்ட கழுத்து போன்ற முதுகெலும்பும். முதுகெலும்பு வாலின் மேல்மடலுக்குள் மட்டும் போவதால் கீழ்மடல் உதிர்ந்து வால் ஒடுங்கிப்போகும். 1977-இல் நியூசிலாந்துக்கு அப்பால் ஜப்பானிய இழுவைப்படகு ‘சுயியோ மாரு’வின் வலையில் ஏறிய உடலைப் பழங்காலக் கடல் ஊர்வன என்று உலகமே பேசியது, எடுத்து வைத்த துடுப்பு நார்களின் அமினோ அமிலப் பகுப்பாய்வு சுறாவைத்தான் காட்டியது. 2003-இல் சிலி கரையில் ஒதுங்கிய பெரிய வெண்பிண்டம் டி.என்.ஏ. சோதனையில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் திசு என்று தெரிந்தது. தோல் உரிந்த எந்தத் திமிங்கிலமும் வெள்ளையாகத்தான் தெரியும், ‘வெள்ளைத் திமிங்கிலம்’ என்ற தகவலுக்கு உயிரோடு இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, ‘இனம் உறுதியில்லை: பெரிய பலீன் திமிங்கிலம்’ (பல்லுக்குப் பதிலாக இரையை வடிகட்டும் தகடுகள் கொண்டது) என்பதை முழு மதிப்புள்ள விடையாக உங்கள் பட்டியலில் வையுங்கள். அது இல்லாவிட்டால் தொகுப்பவர் ஏதாவது ஓர் இனத்தில் தள்ளிவிடுவார், பிறகு அதைத் திருத்த வழியிருக்காது. பார்த்தவரின் சொற்கள் ஒரு பத்தியிலும் உங்கள் முடிவு வேறு பத்தியிலும் இருக்கட்டும். முதலாவதை ஒருபோதும் மாற்றி எழுதாதீர்கள். ‘ஏன் வந்தது’ என்ற கட்டமே வேண்டாம். இரையைத் தேடி வந்ததா, நோயா, வழிதவறலா என்பதைக் கரையிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது.

கரைநண்டு

மூவருக்கும் நன்றி. கண் உயரமும் பார்த்த நேரமும் படிவத்தில் இல்லவே இல்லை, இரண்டையும் சேர்க்கிறேன்.

இன்னும் இரண்டு. ஒரே விலங்கைப் பத்துப் பேர் பார்த்து எழுதினால் எப்படிக் கணக்கிடுவது? விலங்கு கரையேறிக் கிடக்கிறது, அல்லது ஆற்றுக்குள் புகுந்துவிட்டது என்று தகவல் வந்தால், உதவிக்குழு போய்ச் சேரும் வரை அங்கே இருப்பவரிடம் உடனே சொல்ல வேண்டியது என்ன?

தொடுவானம்

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: வேகத்தை வைத்துப் பாருங்கள். இடம்பெயரும் பெரிய திமிங்கிலம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் போகும், திமிங்கிலச் சுறா அதைவிட மெதுவாக. மூன்று மணி இடைவெளியில் 20 கிலோமீட்டருக்குள் ஒரே திசையில் வந்த இரண்டு தகவல்களை ‘ஒன்றாக இருக்கலாம்’ என்று இணைத்து வையுங்கள், நீக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைந்தது, சரியென்று தோன்றுவது, அதிகபட்சம் என மூன்றாக வாங்குங்கள்.

உறுதியாக ஒன்றா என்று அறியப் படம் வேண்டும், ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு இடம். கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு வாலின் அடிப்புறம். ‘ஹேப்பிவேல்’ தளம் அதை வைத்தே தனி விலங்குகளைப் பொருத்துகிறது. திமிங்கிலச் சுறாவுக்கு மார்புத் துடுப்புக்கு மேலே, செவுளுக்குப் பின்னாலுள்ள புள்ளிகள், இடப்பக்கம் முதலில். விண்மீன் படங்களை ஒப்பிட எழுதப்பட்ட கணக்கீட்டு முறைதான் அந்தப் புள்ளிகளைப் பொருத்தவும் பயன்படுகிறது. ஓங்கிலுக்கும் ஓர்காவுக்கும் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு, இரு பக்கமும். 2021-இல் அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ், ஸ்பெயின் என்று சுற்றிய வால்ரஸ் பிறகு ஐஸ்லாந்தில் தெரிந்தபோது அது அதே விலங்குதான் என்று துடுப்புகளில் இருந்த தழும்புகளால் உறுதியானது.

கரைத்துணை

உயிரோடு கரையேறிய விலங்குக்கு முதல் அரை மணியில் நடக்கும் தவறுகள்தான் பிறகு சரிசெய்ய முடியாதவை. தொலைபேசியில் இருப்பவரிடம் இந்த வரிசையில் சொல்லுங்கள்.

முதலில், கடலுக்குள் தள்ள வேண்டாம், வாலைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். இழுத்தால் வால் எலும்பு மூட்டுகள் விலகும், துடுப்புகள் மடங்கி ஒடியும். தள்ளிவிட்ட விலங்கு பலவீனமாகவோ நோயோடோ இருந்தால் சற்றுத் தள்ளி மறுபடி ஒதுங்கும். சீல், வால்ரஸ் என்றால் தண்ணீருக்குத் துரத்துவதே தவறு. அவை ஓய்வெடுக்கவும் தோல் உரிக்கவும் தாமாகக் கரையேறுபவை, யானை சீல் ஒரு மாதம் வரை கூடக் கிடக்கும்.

திமிங்கிலமோ ஓங்கிலோ என்றால் தலைக்கு மேலே மூச்சுத்துளை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதன்மேல் துணியோ மணலோ தண்ணீரோ படக்கூடாது. தண்ணீர் ஊற்றும் உற்சாகத்தில் மூச்சுத்துளைக்குள் ஊற்றிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நுரையீரலுக்குள் போனால் உயிர்போகும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், விலங்கு சிறியதாகவும் ஆள் போதுமானதாகவும் இருந்தால் மட்டும், வயிறு அடியில் வரும்படி நிமிர்த்தி, மார்புத் துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டி அவை தொங்க இடம் கொடுக்கலாம். உடல்மேல் ஈரத்துணி போட்டு மெதுவாகக் கடல்நீர் ஊற்றலாம். துடுப்புகளிலும் வாலிலும்தான் உடல்வெப்பம் அதிகம் வெளியேறும், அங்கே துணியைவிட நீரே நல்லது. கொழுப்புத்தோல் தடிப்பாக இருப்பதால் கரையில் அவற்றைக் கொல்வதில் சூட்டுக்குப் பெரிய பங்கு. நிழல் போட முடிந்தால் போடுங்கள். எண்ணெய், சன்ஸ்கிரீன் எதுவும் பூச வேண்டாம்.

பெரிய திமிங்கிலத்தின் வாலுக்கு அருகில் யாரும் நிற்கக்கூடாது, தண்ணீருக்குள் நின்று விலங்குக்கும் கரைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளவும் கூடாது. மூச்சு வரும் வழியில் முகத்தை வைக்க வேண்டாம். 2022-க்குப் பிறகு தென் அமெரிக்கக் கரைகளில் எச்5என்1 பறவைக்காய்ச்சல் கடல்சிங்கங்களையும், 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானை சீல் குட்டிகளையும் பெருமளவில் கொன்றது. வெறும் கையால் தொடுவது இன்று முன்பைவிட ஆபத்தானது. நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

பிறகு ஒரே ஓர் அளவு கேளுங்கள்: ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. ஓங்கில் அளவு விலங்குக்கு 2 முதல் 5 இயல்பு, 10-ஐத் தாண்டினால் கடும் துன்பத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி நேரத்தோடு எழுதி வைத்தால், வரும் கால்நடை மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு இல்லை. எத்தனை மணிக்குக் கரையேறியது என்பதும் அப்படியே. நீரில் மிதக்கும்படி அமைந்த உடல், கரையில் தன் எடையாலேயே தசைகளை நசுக்கிக்கொள்ளும். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாழாக்கும். வெளியே காயம் இல்லாமல் நீந்திப்போன விலங்கு இரண்டொரு நாளில் இறப்பதற்கு இது ஒரு காரணம்.

கூட்டமாக ஒதுங்கினால் ஒவ்வொன்றாக விடுவது பலன் தராது. பைலட் திமிங்கிலங்கள் கரையில் கிடக்கும் மற்றவற்றின் குரலுக்குத் திரும்பி வந்துவிடும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு அருகே 80-க்கும் மேல் ஒதுங்கியபோது கடலில் விடப்பட்டவை பல மீண்டும் கரைக்கே வந்தன. மிதக்கவிட்டவற்றை ஆழம் குறைந்த நீரில் ஒன்றாகத் தாங்கிப் பிடித்து, கூட்டம் சேர்ந்தபின் ஒரே நேரத்தில் விடுவதுதான் பயிற்சி பெற்ற குழுக்கள் செய்வது.

ஆற்றுக்குள் புகுந்தது என்றால் அவசரம் வேறு மாதிரி. நன்னீரில் நாள் கணக்கில் இருந்தால் தோல் வெளுத்துப் புண்ணாகும். தோலின் படம் தினமும் வேண்டும். 1985-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றுக்குள் போன கூன்முதுகுத் திமிங்கிலத்தை அதன் இனம் இரை தேடும்போது எழுப்பும் ஒலியை நீருக்கடியில் ஒலிபரப்பி வெளியே அழைத்து வந்தார்கள். 2007-இல் அதே ஆற்றில் தாயும் குட்டியும் புகுந்தபோது ஒலி பலிக்கவில்லை, கடைசியில் அவை தாமாகவே திரும்பின. 2022 ஆகஸ்டில் பிரான்சின் சேன் ஆற்றுக்குள் போன பெலுகா மெலிந்து, கொடுத்த இரையையும் தொடாமல், தூக்கிக் கொண்டுபோகும்போது மூச்சு விடமுடியாமல் நிலை மோசமாகி, கருணைக்கொலை செய்யப்பட்டது. படகுகள் பின்தொடரக் கூடாது என்பதை மட்டும் உடனே சொல்லுங்கள், மற்றதை நிபுணர்கள் முடிவு செய்யட்டும்.

முதுகுத்துடுப்பு

வலைக் கயிற்றில் சிக்கிய திமிங்கிலம் பற்றிய தகவலுக்கு ஒரு தனிப் பகுதி வையுங்கள். பின்னால் இழுபடும் மிதவையையும் கயிற்றையும் யாரும் அறுக்கக் கூடாது. வேகத்தைக் குறைக்கவும் சமிக்ஞைக் கருவி கட்டவும் மீட்புக்குழுவுக்கு அதுதான் பிடி. அதை அறுத்துவிட்டால் உடலில் இறுகிய சுற்று மட்டும் மிஞ்சும், விலங்கு கண்ணுக்கே அகப்படாது. நீரில் இறங்கவும் கூடாது. 2017 ஜூலையில் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் ஒரு ரைட் திமிங்கிலத்தை விடுவித்த அடுத்த கணத்தில், பல ஆண்டு அனுபவமுள்ள மீட்பாளரே அதன் வாலடியில் இறந்தார்.

இடத்தை உடனே பொதுவில் போடாதீர்கள். 2022 கோடையில் ஆஸ்லோ ஃபியோர்டில் ‘ஃப்ரெயா’ என்ற வால்ரஸ் படகுகளில் ஏறி ஓய்வெடுத்தது. நெருங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எச்சரித்தும் கூட்டம் குறையவில்லை; மனித உயிருக்கு ஆபத்து என்று சொல்லி ஆகஸ்ட் 14 அன்று அதிகாரிகள் அதைக் கொன்றார்கள். தகவல் தந்தவருக்கு நன்றி சொல்லும் பதிவில் ஊரையும் நேரத்தையும் விட்டுவிடுங்கள், விலங்கு போனபின் வெளியிடலாம். படகில் இருப்பவர்களுக்கு உங்கள் நாட்டு விதியைப் படிவத்திலேயே எழுதுங்கள். மாதிரிக்கு, ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டியில் திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் போகக் கூடாது, 300 மீட்டருக்குள் அலை எழுப்பாமல் மெதுவாகப் போக வேண்டும்.

கரைநண்டு

இறந்த உடலுக்கு என்னென்ன கேட்பது? பெரும்பாலும் தகவல் வருவதே அழுகிய பிறகுதான்.

ஆழிவலம்

அழுகிய உடலும் பயன்படும், நிலையைச் சரியாகக் குறித்தால். உலகெங்கும் ஐந்து நிலைக் குறியீடு பழக்கத்தில் இருக்கிறது: 1 உயிரோடு, 2 அண்மையில் இறந்தது, 3 அழுகத் தொடங்கினாலும் உருவம் குலையாதது, 4 முற்றிலும் அழுகியது, 5 எலும்பும் காய்ந்த தோலும். எண்ணோடு படமும் வாங்குங்கள், ஏனெனில் வயிறு உப்பியதை வைத்து மட்டும் 3-ஐ 4 என்று பலர் எழுதுவார்கள்.

நீளத்தை உடலின் வளைவின்மேல் நாடாவைப் போட்டு அளக்கக் கூடாது. உடலுக்கு இணையாக மணலில் நேர்க்கோடு போட்டு, மேல்தாடை நுனிக்கு நேரே ஒரு குச்சி, வாலின் நடுப்பிளவுக்கு நேரே ஒரு குச்சி நட்டு, இரண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். சுறா என்றால் வால் நுனி வரை. எந்த முனை வரை அளந்தார்கள் என்று எழுதட்டும். படங்கள்: இரு பக்கமும் முழு உடல், தலை மேலிருந்து, வாய்க்குள் பல்லோ பலீனோ, முதுகுத் துடுப்பு, வாலின் இரு புறம், வயிற்றின் பிறப்புறுப்புப் பிளவு. பிளவின் இரு பக்கமும் சிறிய பால்பிளவுகள் இருந்தால் பெண். ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும், ஒரு ரூலர் போதும்.

உப்பிய வயிற்றை யாரும் குத்தக் கூடாது, மேலே ஏறக் கூடாது. 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரில் லாரியில் கொண்டுபோன ஸ்பெர்ம் திமிங்கிலம் உள்ளே சேர்ந்த வாயுவால் நடுத்தெருவில் வெடித்தது.

அனுமதி உள்ளவர் மாதிரி எடுப்பதானால், சுண்டுவிரல் நகம் அளவு தோல், கொழுப்பு ஒட்டாமல், 95 விழுக்காடு எத்தனாலில். திசுவைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். 4-ஆம் நிலை உடலில் வெளித்தோல் போயிருந்தால் பல் அல்லது கெட்டியான எலும்பு ஒரு துண்டு போதும், அதைத் திரவத்தில் போடாமல் காய வைத்துக் காகித உறையில் வையுங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.